வயிற்றில் நாலு கோடு

1

எங்கள் வீட்டுக்காரர் இன்று காலையும் இங்கே பிரான்சில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு வந்தார். வருஷத்துக்கு ஒரு தரம் அங்கே இருக்கும் பெரிய டாக்டரம்மா கடிதம் போட்டு வரச் சொல்வார். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நிற்பார்கள். குடித்துக் குடித்துக் கல்லீரல் சுருங்கிப் போனவர், அதற்கு மேல் ரத்தத்தில் சீழ் விஷம் ஏறிப் பிரஷர் விழுந்தவர், இந்த நிலையில் வந்தவர்களில் பெரும்பாலோர் படுக்கையை விட்டு எழுந்ததில்லை, இவர் எழுந்தார் என்று அந்தம்மா பாடம் சொல்வார். நம்ம ஆளுக்கு அதில் ஒரு பெருமை. சவரம் செய்து, சென்ட் போட்டுக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி கிளம்புவார்.

நான் உள்ளே போவதில்லை. வெளியே நாற்காலியில் அவருடைய கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவருக்குப் பிரெஞ்சு வரும். ஆனால் நோய்க்குப் பிறகு வேகமாகப் பேசினால் தடுமாறுகிறார். அதனால் இந்த வருஷம் எங்கள் பெண் கலா துணைக்கு உள்ளே போனாள். அவளுக்குப் பத்தொன்பது வயசு. வேறு ஊரில் தங்கிப் படிக்கிறாள். லீவுக்குக்கூட அபூர்வமாகத்தான் வருவாள். வந்தால் எனக்குத் திருவிழாதான்.

ஐந்து வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தவள் இப்போது ஏன் எழுத உட்கார்ந்தேன் என்றால், போன மாதம் வில்லியனூரிலிருந்து என் மாமியார் எழுத வைத்த கடிதம்தான் காரணம். மடுகரையில் சூடு போட்டதால்தான் தன் பிள்ளை பிழைத்தான் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். காமாலை கண்டவர்களை அவரே பஸ் ஏற்றி அழைத்துப் போகிறாராம். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தச் சூட்டால் அவர் பிழைக்கவில்லை, செத்துப்போகப் பார்த்தார். யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

2

என் அப்பாவுக்கு வில்லியனூர் மார்க்கெட்டில் எண்ணெய்க் கடை. எட்டு வயசிலிருந்தே நான் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று வாயாடிய பெண். அளவில் குறைவு என்று எவனாவது சொன்னால் அவனைத் தெருமுனை வரைக்கும் துரத்திக்கொண்டு போய்க் கேட்பேன். அப்படிப்பட்ட என்னை ஒரு சொல்தாவுக்குக் கட்டி வைத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்றுதான் சொல்வோம். பேர் ஏழுமலை. பென்ஷன் வரும், பிரான்சில் கார் கம்பெனியில் வேலை, பெண்ணுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. மார்க்கெட்டே பொறாமைப்பட்டது.

இங்கே வந்ததும் முதலில் என் பேர் போயிற்று. காகிதத்தில் அவர் அப்பா பேர்தான் குடும்பப் பேர். நான் முகம் பார்க்காத, செத்துப்போன மாமனார் பேரைச் சொல்லி என்னை ‘மதாம் குப்புசாமி’ என்று கூப்பிடுவார்கள். அரசாங்கக் காகிதம் கொடுக்கும் பிரெபெக்த்தூர் ஆபீஸ் வரிசையில் யாரோ குப்புசாமியைக் கூப்பிடுகிறார்கள் என்று சும்மா உட்கார்ந்திருந்து, என் முறை போய், மறுபடி ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறேன்.

முதல் அடி கல்யாணமான மூன்றாம் மாதம் விழுந்தது. ரசத்தில் உப்பு கம்மி. அதற்குப் பிறகு காரணம் தேவைப்படவில்லை. ஷிப்ட் முடிந்து வரும்போதே கண் சிவந்திருக்கும். சாராயக் கடையிலிருந்து வந்த பழக்கம் இங்கே சிவப்பு ஒயினில் வந்து நின்றது. பெல்ட்டால் அடிப்பார், பூட்ஸ் காலால் உதைப்பார், தலைமுடியைப் பிடித்துக் குளியல் தொட்டியின் விளிம்பில் மோதுவார். ஒரு தரம் மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாடிப்படியில் விழுந்தேன் என்றேன். இன்னொரு தரம் விலா எலும்பு. அதற்கும் அதே மாடிப்படி. நாங்கள் குடியிருந்தது தரைத்தளம், அதையாவது யாராவது கேட்டிருக்கலாம்.

நான் ஏன் திருப்பி அடிக்கவில்லை என்று கேட்பீர்கள். எனக்கே தெரியவில்லை. எண்ணெய்க் கடையில் இருந்த அந்தப் பெண் எங்கே போய்ப் படுத்துக்கொண்டாள் என்று நானே தேடியிருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். கலாவுக்கு ஒன்பது வயசு இருக்கும்போது எங்களுக்கு நடுவே வந்து நின்றாள். அவள் முகத்தில் விழுந்த அடியில் பல் உதட்டைக் கிழித்துவிட்டது. அவள் அழவில்லை. சிங்க்கில் ரத்தத்தைத் துப்பிவிட்டு, குழாயைத் திறந்து கழுவிவிட்டு, போய்ப் பாடம் எழுதினாள். அன்றைக்கு என் மனசில் இந்த ஆள் செத்துவிட்டார். உடம்புதான் பாக்கி.

3

கலாவுக்குப் பதினாலு வயசாகும்போது ஆகஸ்டு லீவில் ஊருக்குப் போனோம். அப்போதே அவர் கண் மஞ்சளடித்துப் போயிருந்தது. கை கால் குச்சி, வயிறு மட்டும் நிறைமாசம். இங்கே டாக்டர் கல்லீரல் போய்விட்டது, ஒரு சொட்டு குடிக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார். ஊரில் இறங்கியதும் நேரே சாராயக் கடைக்குப் போனார்.

மாமியார் பிள்ளையின் கண்ணைப் பார்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டார். பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

“காமாலைக்கு இங்கிலீசு மருந்து கேக்காதுடி. மடுகரைக்கு இட்டுனு போயி ஒரு சூடு வச்சா ஓடிப்பூடும்” என்றார்.

எங்கள் பக்கம் இது புதிதில்லை. காமாலைக்குக் கையில் சூடு போட்ட தழும்போடு எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். சில காமாலை தானாகவே இறங்கிவிடும், பேர் சூட்டுக்குப் போய்விடும். இது அந்தக் காமாலை இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. கலாவை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வாடகைக் காரில் கிளம்பினோம்.

வைத்தியர் வீடு மடுகரைக்கு அந்தாண்டை, கரும்புக் கொல்லைக்கு நடுவில். எழுபது தாண்டிய மனுஷர், கை நடுங்கியது. வயிறு இவ்வளவு வீங்கியிருந்தால் கையில் போட்டுப் பிரயோசனமில்லை, ஈரலுக்கு மேலேயே போட வேண்டும் என்றார். வறட்டி நெருப்பில் விரல் தடிமனுக்கு ஓர் இரும்புக் கம்பி கிடந்தது. இவரை மாட்டுக் கொட்டகையில் படுக்க வைத்து நாலு ஆட்கள் கையையும் காலையும் பிடித்தார்கள். வைத்தியர் கம்பியின் கட்டைப்பிடியை என்னிடம் நீட்டினார்.

“கட்னவ கைதான் வைக்கணும். மூணு கோடு. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது.”

என் கை நடுங்கவில்லை. முதல் கோடு இழுத்தபோது தோல் சுருங்கி வெடித்த சத்தம் கேட்டது. முடி கருகிய நாற்றம் மூக்கில் ஏறியது. அவர் என் அம்மாவையும் என்னையும் இழுத்து வைத்துத் திட்டினார். இரண்டாவது கோட்டில் திட்டு நின்று அலறல் வந்தது. மூன்றாவதில் மூத்திரம் போய்விட்டார். வைத்தியர் போதும் என்று கையை நீட்டினார். மாமியார் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டிருந்தார்.

நான் நாலாவது கோடு போட்டேன்.

அது வைத்தியத்துக்கு இல்லை. கம்பியை வைத்து இழுக்கவில்லை, வைத்து அழுத்தினேன். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணினேன். கலாவின் உதடு ஞாபகம் வந்தது. ஐந்து வரைக்கும் எண்ணினேன். அவர் கண் மேலே சொருகிக்கொண்டது. என் உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் பரவியது. சொல்லக் கூசுகிறது, ஆனால் அந்த மாதிரி சந்தோஷம் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து வந்ததில்லை.

வைத்தியர் என் கையிலிருந்து கம்பியைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டார். என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். ஏதோ பச்சிலையைக் கன்றுக்குட்டிச் சாணியோடு பிசைந்து கொடுத்தார். அதையும் நான்தான் புண் மேல் அப்பித் துணியால் கட்டினேன்.

4

பிரான்சுக்குத் திரும்பி வந்த ஒரு வாரத்தில் அவருக்குக் காய்ச்சல். பிறகு பேச்சு குழறியது, கலாவைத் தன் தங்கை என்று நினைத்துக் கூப்பிட்டார். ஆம்புலன்சில் கொண்டு போகும்போது நகமெல்லாம் நீலம். உயிரைத் திரும்பக் கொண்டுவரும் இடம் என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒரு பேர் அந்த வார்டுக்கு. தொண்டையில் குழாய், கழுத்தில் ஊசி, மூத்திரப் பை காலியாகத் தொங்கியது. பிரஷரை மருந்துதான் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது. மருந்தைக் குறைத்தால் மெஷின் கத்தும்.

பெரிய டாக்டரம்மா முதல் நாளே அந்தக் கோடுகளைக் காட்டி என்ன என்று கேட்டார். மேலே கறுப்பாகப் பொருக்குக் கட்டிக் காய்ந்த மாதிரி இருந்தது. சமையலறையில் சூடான எண்ணெய், பழைய காயம் என்றேன். கலா அதைக் கண் சிமிட்டாமல் பிரெஞ்சில் சொன்னாள். ஊரில் சூடு போட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும், யார் கை என்று தெரியாது.

பிறகு சமூக சேவைக்காரம்மா ஒருத்தி ஒரு பாரத்தோடு வந்தாள். அதில் தீக்காயம் என்ற இடத்துக்கு நேரே இரண்டு கட்டம். ஒன்று விபத்து, இன்னொன்று மற்றவை. என்னுடைய பழைய மணிக்கட்டு, விலா எலும்புக் காகிதங்களும் அவள் பைலில் இருந்தன. வீட்டில் யார் யாரை அடிப்பார்கள் என்று நயமாகக் கேட்டாள். உண்மையைச் சொன்னால் போலீஸ் வரும், என்னை உள்ளே வைப்பார்கள், கலாவை ஏதாவது விடுதியில் கொண்டு போய்ச் சேர்ப்பார்கள். விபத்து என்ற கட்டத்தில் நானே பேனாவால் பெருக்கல் போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் டாக்டரம்மா எங்களை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார். விஷம் எங்கிருந்து ஏறுகிறதென்று பிடிபடவில்லை, வயிற்று நீரிலிருந்துதான் என்று நினைத்து மருந்து கொடுக்கிறோம், கேட்கவில்லை, நாளை வரை தாங்குவது சந்தேகம் என்றார். சொல்லிவிட்டு எங்களுக்கு நேரம் கொடுத்து வெளியே போனார்.

எனக்குத் தெரியும் எங்கிருந்து என்று. அந்தப் பொருக்குக்குக் கீழே நான் அப்பிய சாணி இருக்கிறது. சொன்னால் அவர் பிழைக்கலாம். பிழைத்தால் பெல்ட்டும் பூட்ஸும் வீட்டுக்குத் திரும்பி வரும், நான் ஜெயிலுக்குப் போவேன். சொல்லாவிட்டால் நாளைக்கு எல்லாம் முடிந்துவிடும், ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. மூன்று நாளாக அதைத்தான் மென்றுகொண்டிருந்தேன்.

கலா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் புண்தானே என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அப்போது அவள், கடையில் ரொட்டி கேட்கிற குரலில் சொன்னாள்:

“சொல்லாத மா. வுட்டுடு. அதுவா முடிஞ்சிடும்.”

அவர் மேல் இரக்கம் வந்துதான் எழுந்தேன் என்று யாராவது நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். எனக்குப் பயம் வந்தது. ஒரு மனுஷனைச் சாக விட என் பெண் பதினாலு வயசில் கற்றுக்கொண்டால், அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான். இவளும் இப்படி ஆகிவிடக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். கதவைத் திறந்துகொண்டு டாக்டரம்மா பின்னால் ஓடினேன்.

கலா மொழிபெயர்க்க வரமாட்டேன் என்று சுவரோரம் நின்றுவிட்டாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் காய்கறிக் கடைப் பிரெஞ்சு. சாணிக்கு என்ன சொல்வது? அந்தப் பளபளக்கும் தாழ்வாரத்தில் நின்று மாடு மாதிரி கத்தினேன். என் பின்பக்கத்தைக் காட்டினேன், கையில் ஏந்துகிற மாதிரி ஏந்தினேன், வயிற்றில் அப்பிக் காட்டினேன். நர்சுகள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பிடிக்க வந்தார்கள். டாக்டரம்மாவுக்கு மட்டும் முகம் மாறியது. உடனே வார்டுக்குள் ஓடினார்.

5

பொருக்கை எடுத்தபோது கீழே கையளவு சதை கறுத்து அழுகியிருந்ததாம். அழுகியதையெல்லாம் வெட்டி, சுரண்டி எடுத்தார்கள். மருந்தை மாற்றினார்கள். நாலு நாள் இழுபறி. ஐந்தாம் நாள் மூத்திரப் பையில் இரண்டு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது. அதைப் பார்த்து ஒரு நர்சுப் பெண் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமா, இனி என்ன நடக்கப்போகிறதோ என்ற கிலியா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சமூக சேவைக்காரம்மா மறுபடி வந்து ‘விபத்து’ என்பதை அடித்துவிட்டு ‘ஊர் வழக்க வைத்தியம்’ என்று கையால் எழுதிக்கொண்டாள். போலீஸ் வரவில்லை. டாக்டரம்மா ஒன்றே ஒன்று கேட்டார். நாலு கோடு போடுவதுதான் உங்கள் வழக்கமா என்று. ஆமாம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அங்கே இன்றைக்கும் பாடத்தில் நாலு என்றுதான் சொல்கிறார்களாம்.

6

வீட்டுக்கு வந்தவர் வேறு ஆள். குடியை விட்டார். கையை ஓங்கவில்லை, ஐந்து வருஷத்தில் ஒரு தரம்கூட. குரலும் இறங்கிவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேசையில் உட்கார்ந்தால் நான் ஒரு வாய் சாப்பிடும் வரைக்கும் தட்டைத் தொடமாட்டார். “நீ மொதல்ல சாப்புடு” என்பார். இங்கே இருக்கும் நம் ஊர்ப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, சாவைத் தொட்டுவிட்டு வந்தவருக்குப் பெண்டாட்டி அருமை தெரிந்துவிட்டது என்று பேசிக்கொள்வார்கள். எனக்கும் உள்ளே கொஞ்சம் குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன். அத்தனை வருஷ அடிக்கு இதுவாவது கிடைத்ததே என்று இருந்தேன்.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் படுக்கப் போனார். நான் கானாங்கெளுத்தி ஆய்ந்துகொண்டிருந்தேன். கலா சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். உள்ளே ஒரு மாணவன் எதற்கு நாலு கோடு என்று அப்பாவிடம் கேட்டானாம். அப்பா தமிழில் ஒரு பதில் சொன்னாராம், அதை அவள் அவனுக்கு மொழிபெயர்க்கவில்லையாம்.

“இன்னா சொன்னாரு?” என்றேன்.

“மூணுதான் கணக்காம். நாலாவது எதுக்குன்னு உங்கம்மாவக் கேளுன்னாரு.”

என் கையில் மீன் வழுக்கியது. அப்படியானால் கம்பி அழுந்தும்போது அவருக்கு நினைவு இருந்திருக்கிறது. வைத்தியர் போதும் என்றதும் காதில் விழுந்திருக்கிறது. ஐந்து வருஷமாக நான் போட்டதைத் தின்றுகொண்டு, என்னை எதிரே வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறார்.

கலாவிடம் மறைக்க எனக்குத் தெம்பில்லை. மறைத்து மறைத்துத்தான் இவ்வளவும் ஆயிற்று. மாட்டுக் கொட்டகை, கம்பி, ஐந்து எண்ணியது, எனக்கு வந்த சந்தோஷம், எல்லாவற்றையும் மீன் கழுவிக்கொண்டே சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று ஒரு ஓரத்தில் நினைத்தேன். அவளுக்காகவும்தானே என்று இருந்தது. அவள் சரி மா என்றாள். தட்டு எடுத்து வைக்கப் போனாள்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். காமாலை என்றால் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். என் மாமியார் எந்தப் பஸ்ஸில் ஏற்றினாலும் இறங்கிவிடுங்கள். என் புருஷனைச் சூடு காப்பாற்றவில்லை. சாகடிக்கப் பார்த்தது சூடு, அதிலும் பாதி என் கை.

ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். சோறு, மீன் குழம்பு, நாலு துண்டு வறுவல். அவர் வழக்கம்போல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, “நீ மொதல்ல சாப்புடு” என்றார். நான் அவர் கண்ணைப் பார்த்தேன். பாசம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தது பயம் என்று புரிந்தது. கலாவைப் பார்த்தேன். காலையில் ஒரு காபியோடு கிளம்பிய பெண், மீன் வறுவல் என்றால் உயிரை விடுவாள். அவளும் தட்டில் கை வைக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாய் பிசைந்து போட்டுக்கொண்டேன். விழுங்கினேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சாப்பிட ஆரம்பித்தார்கள்.